பன்னிரண்டு சொல்லும் ஆறு ஜெராக்ஸும்

ஏற்காட்டு மலையிலிருக்கும் எங்கள் கரடியூரில் யாருக்காவது மனு எழுத வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள். தற்பெருமை இல்லை, ஊருக்கே தெரியும். இரண்டு வருடம் நின்றுபோன காலை பஸ்ஸைத் திரும்ப வரவைத்தவள் நான். மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர்க் குழாய், அத்தாயி அக்காவுக்கு விதவைப் பென்ஷன், எல்லாம் இந்தக் கலாவின் கையெழுத்துதான். மனு என்றால் எனக்கு ஒரு முறை உண்டு. விஷயத்தை ஒரே பக்கத்தில் சொல்ல வேண்டும். கீழே ‘இணைப்பு’ என்று போட்டு ஆதாரத்தின் ஜெராக்ஸைப் பின் அடிக்க வேண்டும். வாயால் சொன்னதை எந்த ஆபீஸும் நம்பாது, தாளைக் கண்டால்தான் உட்காரச் சொல்லும். இதைப் பத்துப் பேருக்குப் பாடமாகவே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும், வேறென்ன சொல்ல?

என் வீட்டுக்காரர் சேகர் எஸ்டேட்டுகளில் மிளகைக் குத்தகைக்கு எடுத்துப் பறித்து விற்பவர். மனிதர் யாரையும் நம்ப மாட்டார். சேலத்தில் ஒரு சீட்டுக் கம்பெனி சொல்லாமல் கொள்ளாமல் ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டுப் போனதில் எங்கள் மூன்று லட்சம் போனது. அதிலிருந்து, “எவன் கையிலயும் நம்ம காசு இருக்கக் கூடாது புள்ள” என்பதே பேச்சு. பேங்கில் போடுங்கள் என்றால் முறைப்பார். காட்டேஜில் தங்க வந்த பெங்களூர்க்காரன் ஒருவன் போனில் என்னவோ சொல்லிக் கொடுத்திருக்கிறான். பிட்காயின் வாங்கியிருக்கிறேன் என்று ஒருநாள் சொன்னார்.

“அது எங்கீங்க இருக்குது?” என்றேன்.

“எங்கயும் இல்ல. என்கிட்டதான் இருக்குது.”

அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

போன மாசியில் மிளகு பறிக்கும்போது மூங்கில் ஏணி சரிந்து, மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்து உச்சியிலிருந்து பாறை மேல் விழுந்தார். இடுப்பு போயிற்று, தலையிலும் அடி. சட்டைப் பையிலிருந்த போன் தூள்தூள். ஜீப்பில் படுக்கவைத்துச் சேலத்துக்கு இறங்கும்போது மலைப்பாதையின் பதினாலாவது வளைவில் கண்ணைத் திறந்தார்.

“கலா, பீரோவுல நெலப் பத்திரக் கவரு இருக்குதுல்ல, அதுக்குள்ள ஒரு பேப்பர். பன்னெண்டு வார்த்தை. அதுதான் பணம். ஒம்போது லட்சம்.”

“பேப்பர் எப்பிடீங்க பணமாவும்?”

கண் மூடிக்கொண்டது. அதன் பிறகு பத்தொன்பது நாள் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

தலைக்கு உண்டான வைத்தியத்தைக் காப்பீட்டு அட்டை தாங்கிக்கொண்டது. இடுப்பு விஷயத்துக்கு மட்டும் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “மூட்டு மாத்தணும்மா. உங்க கையிலிருந்து நாலரை லட்சம் ஆகும். ரெண்டு மாசத்துக்குள்ள செஞ்சாதான் பழையபடி நடப்பார். தள்ளிப்போட்டா நான் உறுதி சொல்ல முடியாது” என்றார். மரம் ஏறிப் பிழைக்கிற மனிதர் நடக்க முடியாவிட்டால் என்ன ஆவது? அடுத்த நிமிடமே ஒரு தைரியம் வந்தது. அதுதான் ஒன்பது லட்சம் இருக்கிறதே!

வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தேன். பத்திரக் கவருக்குள் கோடு போட்ட நோட்டுத் தாள் ஒன்று இருந்தது. ஒன்று முதல் பன்னிரண்டு வரை நம்பர், நம்பருக்கு ஒரு இங்கிலீஷ் வார்த்தை. பதினொன்றாவது படிக்கும் என் மகள் கௌரி வாசித்தாள். டாங்கி, அங்கிள், அம்ப்ரெல்லா, கிச்சன் என்று போனது. கழுதை, மாமா, குடை, சமையலறை.

“ஏன் கண்ணு, இது உன்ற இங்கிலீஷ் நோட்டுல கிழிச்சதா?”

“இல்லம்மா, அப்பா கையெழுத்து.”

கழுதைக்கும் மாமாவுக்கும் நடுவில் ஒன்பது லட்சம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெறுமை. கம்பெனிப் பெயர் இல்லை, முத்திரை இல்லை, தேதி இல்லை, ஒரு போன் நம்பர்கூட இல்லை. அடிபட்ட தலையில் ஏதோ உளறிவிட்டாரோ என்று நினைத்தேன். உளறுகிறவர் பத்திரக் கவர் வரைக்கும் சரியாக எப்படிச் சொல்வார் என்றும் நினைத்தேன். பார்க்கப் பார்க்கத் தலை கிறுகிறுத்தது.

முதலில் பேங்குக்குப் போனேன். அங்கிருந்த பையன் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தான், தாளைப் பார்த்தான், உள்ளே போய்க் கேட்டு வந்தான். “எங்ககிட்ட இப்படி அக்கவுண்ட் எதுவும் இல்லீங்கம்மா. எதுக்கும் எழுத்து மூலமா குடுங்க” என்றான்.

எழுத்து மூலமா! அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. அதுவரைக்கும் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தவள், அன்றைக்கே வீட்டில் உட்கார்ந்து எழுதி முடித்தேன். ‘பொருள்: விபத்தில் நினைவிழந்துள்ள என் கணவர் சேகர் அவர்களின் பிட்காயின் தொகை ரூபாய் ஒன்பது லட்சத்தை, அறுவைச் சிகிச்சைச் செலவுக்காக, மனைவியாகிய எனக்கு வழங்கக் கோருதல்.’ இதைவிடத் தெளிவாக எவன் எழுதுவான்? கீழே: ‘இணைப்பு: மேற்படி தொகைக்குரிய பன்னிரண்டு சொற்கள் அடங்கிய தாளின் நகல்.’

ஆறு செட் ஜெராக்ஸ் எடுத்தேன். பேங்குக்கு ஒன்று, பேங்கின் மேலிடத்துக்குப் பதிவுத் தபாலில் ஒன்று, போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒன்று, போன் கம்பெனிக்கு ஒன்று, சேலத்தில் ஒரு வக்கீலுக்கு ஒன்று. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நின்று கடைசி செட்டையும் கொடுத்தேன். “இதென்னம்மா, புள்ளைங்க பாடமா?” என்று ஒருவர் சிரித்தார். “உங்களுக்கு வெளங்கலைன்னா வெளங்கறவங்களுக்கு அனுப்புங்க” என்று சொல்லி, எனக்கென்று வைத்திருந்த மனுப் பிரதியில் முத்திரை வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தேன்.

ஒரிஜினலை மட்டும் யாரிடமும் கொடுக்கவில்லை. பிளாஸ்டிக் கவரில் போட்டு ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். ஒரிஜினல் நம்மிடம் இருக்கும்போது எவன் என்ன செய்துவிட முடியும்? நிலமானாலும் நகையானாலும் இதுவரை நான் கண்டது அதுதான்.

பத்து நாள் ஆகியும் ஒரு பதிலும் இல்லை. ஒவ்வொரு ஆபீஸும் இன்னொரு ஆபீஸைக் காட்டியது. ஏற்காட்டில் மொபைல் கடை வைத்திருக்கும் இர்பானிடம் முதலிலேயே போயிருக்கலாம். ஆனால் அவன் கடைப் படிக்கட்டு சாக்கடையை மறிக்கிறது என்று போன வருடம் மனு போட்டு இடிக்க வைத்தவளே நான். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு போவது? கடைசியில் வேறு வழி தெரியாமல், உடைந்த போனையும் தாளையும் எடுத்துக்கொண்டு போய் நின்றேன்.

“வாங்க அக்கா. இன்னைக்கு எதை இடிக்கறதுங்க?” என்றான்.

“வாயை மூடு தம்பி. நானே நொந்துபோயி வந்திருக்கேன். இதென்னன்னு பாத்துச் சொல்லு.”

தாளை நீட்டினேன். ஒரு வரிதான் பார்த்திருப்பான். சடாரென்று கவிழ்த்து வைத்துவிட்டான். அவன் முகத்தில் இருந்த சிரிப்பைக் காணோம்.

“அக்கா, இதை வேற யாருகிட்டயும் காட்டலீங்களே?”

“ஏன் காட்டாம? முறைப்படி எல்லாருக்கும் ஜெராக்ஸ் குடுத்திருக்கறேன். ஆறு எடத்துல.”

இர்பான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். அப்புறம் எழுந்து வேறொரு போனை எடுத்து எதையோ திறந்து என் கையில் கொடுத்தான். “வார்த்தைகளை வரிசையா நீங்களே அடிங்க அக்கா. நான் பாக்க மாட்டேன்” என்று சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தேன். பன்னிரண்டாவது வார்த்தை முடிந்ததும் பக்கம் திறந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “தொறந்துருச்சு தம்பி!” என்று கத்தினேன்.

அவன் வாங்கிப் பார்த்தான். பூஜ்யம் என்று இருந்தது. அதற்குக் கீழே ஒரே ஒரு வரி.

“போன செவ்வாக்கெழமை, காலையில பதினொண்ணு நாப்பதுக்கு, மொத்தமும் வேற எடத்துக்குப் போயிருக்குதுங்க.”

“எங்க போச்சு? நான் ஒண்ணும் அனுப்பலையே. ஒரிஜினல் என்கிட்ட இருக்குதே!”

“இதுல ஒரிஜினல், ஜெராக்ஸ்ங்கற வித்தியாசமே கெடையாதுங்க அக்கா. இந்தப் பன்னெண்டு வார்த்தை யாருக்குத் தெரியுதோ அவங்க எடுத்துக்கலாம்.”

“அப்ப இது திருட்டு. நிறுத்தி வெக்கச் சொல்லு. திருப்பி அனுப்பச் சொல்லு.”

“யாருகிட்டங்க சொல்றது?”

“கம்பெனிக்காரன்கிட்ட.”

“கம்பெனி கெடையாதுங்க.”

“மேனேஜருன்னு ஒருத்தன் இருப்பானில்ல?”

“இல்லீங்க.”

“என்னடா தம்பி பேசற? ஒம்போது லட்சத்துக்கு ஒரு ஆபீஸ்கூடவா இருக்காது?”

“அண்ணனுக்குப் புடிச்சதே அதுதானுங்க அக்கா” என்றான் மெதுவாக. “சைபர் கிரைமுல எழுதிக் குடுக்கலாம். கட்டாயம் குடுங்க. ஆனா போன காசைத் திருப்பி இழுக்கற பட்டன் எவருகிட்டயும் இல்லீங்க.”

எப்படி பஸ் ஏறினேன் என்று தெரியவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தேன். தண்ணீர் கொடுத்த பேங்க் பையனா? சிரித்தவரா? சிரிக்காதவரா? ஜெராக்ஸ் கடையில் ஒரு காப்பி சரியாக விழவில்லை என்று கசக்கிப் போட்டார்களே, அதை யாராவது எடுத்தார்களா? தபாலைப் பிரித்தவரா? எல்லோரும் நல்லவர்களாகத்தான் பேசினார்கள். எல்லோர் சட்டையையும் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது. ஒரு நொடி இர்பானைக்கூட நினைத்தேன். அவன் தாளைப் பார்த்ததே இன்றைக்குத்தான். சீ, என் புத்தி இப்படிப் போகிறதே என்று அழுகை வந்தது. பக்கத்து சீட்டுக்காரம்மா தலை சுற்றுகிறதா என்று கேட்டு எலுமிச்சம்பழம் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அவர் விழித்துவிட்டார்.

ஓடினேன். பாதியாக இளைத்துப்போய்ப் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் உதடு அசைந்தது.

“கௌரி சாப்புட்டாளா?”

“சாப்புட்டாளுங்க.”

“பேப்பர்?”

ரவிக்கைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தேன். பிளாஸ்டிக் கவரைத் தடவிப் பார்த்தார். ஒரு மடிப்புக்கூடக் கலையவில்லை. கண் ஓரம் நீர் வழிந்தது.

“இது இருந்தாப் போதும் புள்ள. போனு போனாப் போகுது. டாக்டர் இடுப்பைப் பத்திச் சொன்னாரு. தேதி வெக்கச் சொல்லிரு. மழைக்கு முன்னால நடந்துருவேன்.”

எனக்கு எங்கிருந்து அத்தனை கோபம் வந்ததோ! அவர் மேலா, என் மேலா என்றுகூடப் புரியவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

“ஏனுங்க, பன்னெண்டு வார்த்தை எழுதத் தெரிஞ்சுதே, இதை யாருக்கும் காட்டாதேன்னு இன்னும் ஒரு வரி எழுதறதுக்குக் கையி வலிச்சுதா? கட்டுன பொண்டாட்டியை உக்கார வெச்சுச் சொல்லியிருந்தா என்னுங்க கொறஞ்சுபோயிருக்கும்?”

அவர் என்னையே பார்த்தார்.

“யாருக்குக் காட்டுன?”

சொன்னேன். பேங்க், மேலிடம், ஸ்டேஷன், போன் கம்பெனி, வக்கீல், குறைதீர் கூட்டம். இர்பான் கடையில் பார்த்த பூஜ்யத்தையும் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் இறங்கிக்கொண்டே போனது. திட்டுவார் என்று காத்திருந்தேன். நன்றாக நாலு வார்த்தை திட்டியிருந்தால் நொம்ப நிம்மதியாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, போர்வைக்கு மேலே கையை வைத்து இடுப்பை மெல்ல அழுத்திப் பார்த்துக்கொண்டார்.

“அந்தத் தேதி வெக்கச் சொன்னேனில்ல, வேண்டான்னுரு” என்றார். அப்புறம், “புடிச்சுக்கிட்டு நடக்கறதுக்கு நாலு காலு வெச்சு ஒண்ணு விப்பாங்களே. என்ன வெலைன்னு கேட்டுக்கிட்டு வா” என்றார்.

கீழே இறங்கி மருந்துக் கடையில் கேட்டேன். இரண்டாயிரத்து இருநூறு என்றார்கள்.