ஒரு மணிச் சங்கு

கல் குவாரியின் அலுவலகம் இந்த மேட்டில். கல் உடைக்கும் பள்ளம் எதிர்ப்பக்கம். சுற்றிப் போனால் லாரிக்கு இருபத்தைந்து நிமிடம். இரண்டு கம்பங்களில் முகம் பார்த்து நிற்கும் இரண்டு ஆன்டெனாக்கள்தான் இரு பக்கத்தையும் இணைக்கும் கம்பியில்லாப் பாலம்.

"பள்ளத்து கேமரா படம் ஆமையா நகருது. நீ ஆன்டெனாவைப் பாக்குறியா, இல்ல அது உன்னைப் பாக்குதா?" என்றார் மேனேஜர்.

அந்தப் பாலத்தைப் பராமரிக்கும் லைன்காரன் கம்ப்யூட்டரைத் திறந்தான். அலுவலகத்துப் பிரிண்டரும் டிவியும் ஓயாமல் "யார் இருக்கீங்க, யார் இருக்கீங்க" என்று ஊருக்கே கூவிக்கொண்டிருந்தன. அந்த வெட்டிக் கூச்சல்தான் பாலத்தை அடைத்திருந்தது. எதிர்க்கம்பத்துப் பெட்டிக்குள் நுழைந்து விதி எழுதினான்: கேமராவை விடு, மற்றதெல்லாம் தடு. தன் கம்ப்யூட்டரை விடச் சொல்லும் வரியை அதற்கு மேலே எழுதியிருக்க வேண்டும். மேனேஜர் பிடரியில் மூச்சு விட்டுக்கொண்டு நின்றதில் கீழே எழுதிவிட்டான். மேலிருந்து கீழாகப் படிக்கும் பெட்டி 'தடு'வோடு நின்று, அவன் முகத்திலேயே கதவைச் சாத்தியது.

படம் மட்டும் தண்ணீராய் ஓடியது.

"பாத்தியா, விரட்டினாத்தான் வேலை நடக்குது!"

மணி ஒன்று. வெடிக்கு முன் பள்ளத்தில் ஊதும் சங்கின் பொத்தானைக் கிளார்க் அமுக்கினார். எதிர்ப்பக்கம் சத்தமில்லை. மறுபடி அமுக்கினார்.

"தம்பி, சங்கு ஏன் ஊதல?"

லைன்காரனுக்கு அப்போதுதான் புரிந்தது. சங்குப் பெட்டி பழசு. அதுவும் பேர் சொல்லிக் கூப்பிடாமல் ஊருக்கே கூவுகிற ஜாதி. வெட்டிக் கூச்சலோடு அதையும் சேர்த்து அடைத்திருந்தான்.

"தொறந்து விடுடா!" என்றார் மேனேஜர்.

"உள்ள போக முடியல சார். அந்தக் கம்பத்துல ஏறித்தான் மாத்தணும்."

"போன் போடு!"

"பள்ளத்து போனும் இதே பாலம்தான்." பள்ளத்தில் கல் உடைக்கும் அவன் அண்ணனுடையது உட்பட ஆட்களின் செல்போன்களோ, வெடி மருந்துப் பக்கம் கூடாதென்று இங்கேயே பெட்டியில் பூட்டிக் கிடந்தன.

வெடிக்காரருக்கு முப்பது வருட வெடியில் காது போய்விட்டது. சங்கு ஊதியதா இல்லையா என்று அவருக்குத் தெரியாது. பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்ப்பார், ஒன்று பத்துக்கு வெடிச் சாவியைத் திருகுவார். கீழே இருப்பவர்களுக்குச் சங்குதான் கடிகாரம். அது கேட்டால்தான் பாறை நிழலை விட்டு நகர்வார்கள்.

மேனேஜரின் டிரைவர் வண்டியை எடுத்துப் பறந்தார். லைன்காரன் மொட்டை மாடிக்கு ஓடிச் சட்டையைக் கழற்றி ஆட்டினான், கத்தினான். கிரஷர் இரைச்சலில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. இறங்கி வந்தபோது மணி ஒன்று ஒன்பது.

திரையில் அவன் அண்ணன் பாறைக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தான். ஒரு வாய் எடுத்தான். பக்கத்தில் இருந்தவன் என்னவோ சொல்ல, வாயில் சோற்றோடு சிரித்தான். பல் இடுக்குகூடத் தெரிந்தது.

"எழுந்திருண்ணே," என்றான் லைன்காரன், திரையைத் தொட்டு. "எழுந்திருண்ணே."

படம் ஒருதரம்கூடச் சிக்கவில்லை.