கையுறை வேண்டாம்

மார்லிஸ் கைகளைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டுதான் என் அறைக்கு வந்தாள். அவள் குறைமாதக் குழந்தைகள் வார்டில் நர்ஸ். நான் அதே ஆஸ்பத்திரியில் ஊழியர்களின் உடல்நலத்தைப் பார்க்கும் நர்ஸ். எங்கள் டுலூத் நகரத்தில் பனி கொட்டத் தொடங்கினால் வெடித்த கைகள் என் வாசலில் வரிசை கட்டும்.

"காட்டு."

"ஒண்ணுமில்ல க்வென். குளிருக்கு வெடிச்சிருக்கு."

"குளிரு முழங்கை வரைக்குமா ஏறிச்சு? காட்டுடி."

விரலிடுக்கெல்லாம் புண். சானிடைசர் எரிகிறதென்று அதை விட்டுவிட்டு, ஒவ்வொரு குழந்தையையும் தொடுவதற்கு முன் சுடுதண்ணீரில் சோப்புப் போட்டுத் தேய்த்திருக்கிறாள். தோலைத் தின்பது சோப்பு, பழி சானிடைசர்மேல். படித்துப் படித்துச் சொன்னாலும் எங்கள் நர்ஸுகள் கேட்பதில்லை.

புண்ணில் கிருமி இருந்தது. ஆறும்வரை வார்டுக்குள் போகக் கூடாது, கையுறை போட்டாலும் கூடாது என்றேன்.

"அப்போ ஓடிஸை யாரு தூக்குவா?"

அந்த வார்டுக் குழந்தை ஓடிஸின் அம்மா பிரசவத்திலேயே போய்விட்டாள். சொந்தமென்று ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. வேலை முடிந்த பிறகும் மார்லிஸ்தான் அவனை மார்பில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"மத்தவங்க தூக்குவாங்க. உன் கையில இருக்கிற கிருமி அவனைக் கொன்னுடும்டி."

களிம்பு கொடுத்தேன். தினமும் வந்து கையை நீட்டினாள்.

"இன்னிக்குப் பரவால்லல்ல? கையுறை போட்டுக்கிட்டுப் போகட்டுமா?"

"இன்னும் இல்ல."

அவள் முகம் வாடும்போதெல்லாம் எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

அதற்குள் ஓடிஸின் குடல் கெட்டுப்போனது. ஆபரேஷன் தாங்கமாட்டான் என்று டாக்டர்கள் கைவிட்டார்கள். வேறு குழந்தைகள் இல்லாத தனியறைக்கு அவனை மாற்றினார்கள். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு மார்லிஸுக்குப் போன் செய்தேன்.

"வா. ஓடிஸைத் தூக்கிக்கோ."

"நெசமாவா!" குரலில் அவ்வளவு சந்தோஷம். "கை இன்னும் முழுசா ஆறலையே. ரெண்டு ஜோடி கையுறை போட்டுக்கவா?"

"கையுறை வேண்டாம்."

போனை வைத்துவிட்டாள். அந்த வார்டிலேயே அதிக வருஷம் வேலை பார்த்தவள் அவள். நான் மேற்கொண்டு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வந்தவள் நேராகக் குழாயடிக்குப் போனாள். சுடுதண்ணீரைத் திறந்து முழங்கைவரை சோப்புப் போட்டாள். வெடிப்புகளில் ரத்தம் கசிந்தது.

நான் குழாயை மூடப் போனேன். "இனிமே எதுக்குடி?"

"அவனைத் தூக்கப் போறேனே," என்று சொல்லிவிட்டு, விரலிடுக்குகளைத் தேய்க்கத் தொடங்கினாள்.