தொட்டிக்காரர்

இறந்துபோன அப்பாவை நான்கு பேர் படியிறக்கிக்கொண்டிருந்தபோது, மகளின் கையிலிருந்த அவருடைய போனில் கொட்டகையின் அபாய மணி அலறியது. தூக்கியவர்கள் நின்றார்கள். முன்பக்கம் தோள் கொடுத்திருந்த பெரியப்பா திரும்பிப் பார்த்தார்.

"கரண்டு போச்சு. ஜெனரேட்டரும் ஓடல," என்றாள் அவள்.

வீட்டுக்குப் பின்னால் கொட்டகை, அதில் நான்கு மீன் தொட்டிகள். ஒரே தண்ணீர்தான் வடிகட்டி வழியாகச் சுற்றிச் சுற்றி வரும். மோட்டார் நின்றால் அந்த நெரிசலில் மீன் கால்மணி நேரம்கூடத் தாங்காது. அம்மாவுக்கு இனி அந்த மீன்தான் சோறு.

"குளமா இருந்தா இந்தத் தொல்லையே கிடையாது," என்று வாய்தவறிச் சொன்ன பெரியப்பா நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அப்பாவை வண்டியில ஏத்துங்க. சரி பண்ணிட்டு ஓடி வந்துடறேன்."

கொட்டகைக்கு ஜன்னல் கிடையாது. போன் வெளிச்சத்தில், மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது தெரிந்தது. ஆபத்துக்கென்று அப்பா வைத்திருந்த ஆக்ஸிஜன் சிலிண்டரைத் திறந்தாள். குழாயின் மூட்டு பிய்த்துக்கொண்டு சீறியது. இரண்டு முனைகளையும் சேர்த்து இறுக்கிப் பிடித்தாள். தொட்டிகளில் குமிழ்கள் எழுந்தன. துப்பட்டாவால் கட்டிப் பார்த்தாள், நழுவியது. மறுபடி கையாலேயே பிடித்துக்கொண்டாள்.

அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அப்பா மேல் கோபம். ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணத் தெரிந்த மனுஷனுக்கு இந்தக் குழாயை மாற்ற நேரமில்லை.

அவர் தொட்டிக்காரர், பெரியப்பா குளத்துக்காரர். தெருவில் அப்படித்தான் பெயர். ஒரு வயிற்றில் பிறந்த இருவருக்கும் வருஷக்கணக்காக ஒரே சண்டை. 'அலையாத்தி மரத்தையெல்லாம் அழிச்சு இறால் குளம் வெட்டிட்டு, சேத்தைக் கால்வாயில விடறியே அண்ணே' என்பார் அப்பா. 'உன் தொட்டி குடிக்கிற கரண்டுக்கு எங்கேயோ கரி எரியுதே, அந்தப் புகை உன் மூக்குல ஏறலன்னா இல்லைன்னு ஆயிடுமா?' என்பார் பெரியப்பா. மகள் வெளியூரில் பார்த்த வேலையும் இதே கணக்குதான். ஒரு கிலோ மீனோ இறாலோ வளர்க்க, எந்த முறையில் எவ்வளவு தண்ணீர், மின்சாரம், தீனி வேண்டும், எவ்வளவு அழுக்கு சேரும் என்று ஒப்பிடுவது.

பெரியப்பா மூச்சு வாங்க உள்ளே வந்தார். ஜெனரேட்டரோடு மல்லுக்கட்டிப் பார்த்தார். அது அசைந்து கொடுக்கவில்லை.

"தள்ளு, நான் புடிக்கிறேன். நீ போ. நீ போய்த் தோள் குடு."

பிடித்தார். வாதம் வந்த விரல்கள் மடங்கவில்லை. மூட்டு விட்டுக்கொண்டு காற்று சீறியது. அவள் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"வேற யாராவது?"

"யாரு இருக்கா? அங்க தூக்கறதுக்கே ஆள் பத்தல. மத்ததெல்லாம் நடக்கவே முடியாத கெழடுங்க."

வெளியே வண்டி ஹாரன் அடித்தது. எரியூட்டும் இடத்தில் நேரம் குறித்தாகிவிட்டது. தவறினால் வேறொருவர் உடலை உள்ளே விட்டுவிடுவார்கள்.

பெரியப்பா போகாமல் நின்றார். "ஒண்ணு கேக்கவா? நீதான் இதெல்லாம் படிச்சவளாச்சே. உண்மையைச் சொல்லு. நானா, அவனா?"

"இப்பவா பெரியப்பா?"

"இப்பவே சொல்லும்மா."

"தண்ணிக் கணக்குல அப்பா ஜெயிச்சார். கரண்டுல நீங்க. ஆனா மரத்தை வெட்டினதைச் சேத்தா, அதுவும் உங்களுக்கு நிக்காது. தீனியில ரெண்டு பேருமே தோத்தீங்க. கடல் மீனை அரைச்சு வர்ற அதே தீனி மூட்டைதான்."

"அப்ப யாருதான் ஜெயிச்சது?"

"கடல்ல கயிறு கட்டி சிப்பி வளக்கறவங்க. தீனியும் வேணாம், கரண்டும் வேணாம்."

அவர் முகம் சிரிப்புக்குப் போய்க் கோணியது. "அவன்கிட்ட சொன்னியா?"

"போன மாசம் போன்ல சொன்னேன். 'அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாத'ன்னார்."

பெரியப்பா சத்தமாக அழுதார். மறுபடி ஹாரன்.

"நீங்க போங்க. நீங்க இல்லாம தூக்க முடியாது," என்றாள். "என்னைக் கேட்டாங்கன்னா..." அவர் அவள் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

வண்டிக் கதவு சாத்தப்பட்டது. அம்மா அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது ஒருமுறை கேட்டது. 'வரேம்மா' என்று கத்தினாள், கையை எடுக்காமல். வண்டி பின்னால் நகர்ந்து, திரும்பிப் போக, தெருமுனையில் அதன் சத்தம் தேய்ந்தது.

கொஞ்ச நேரத்தில் விளக்குகள் மினுங்கி எரிந்தன. மோட்டார்கள் ஒவ்வொன்றாக உறுமி எழுந்தன. இனிப் பிடிக்க வேண்டியதில்லை. விறைத்திருந்த விரல்களை மற்றக் கையால் பிரித்தெடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். தெரு காலியாக இருந்தது. இனி ஓடினாலும் நேரத்துக்கு எட்டாது.

பின்னால் மீன்கள் தண்ணீரை அடிக்கும் சத்தம். நேற்றிலிருந்து மீன்களுக்கு யாரும் தீனி போடவில்லை. திரும்பி வந்தாள். கொட்டகையின் சூடு மாறக் கூடாது. கதவை உள்பக்கமாகச் சாத்திக்கொண்டாள்.