செவ்வாய்க்கிழமைகளில் வந்த உடம்பு

2019இல் விடுப்பு முடிந்து மஸ்கட்டுக்குத் திரும்பும் முன், ஷாஜன் தன் மனைவி அஜிதாவுக்கு மெய்நிகர் விளையாட்டு ஆடும் ஒரு விஆர் கண்ணாடி கொடுத்தான். அதேபோல் ஒன்றைத் தனக்கும் வைத்துக்கொண்டான். கல்யாணமாகி ஒன்றரை வருடத்தில் இருவரும் சேர்ந்திருந்தது எழுபது நாள்தான்.

தக்கலைக்குப் பக்கத்தில், சானல் என்று சொல்லும் வாய்க்காலின் கரையில் புதிதாகக் கட்டிய வீட்டில் அஜிதா தனியாக இருந்தாள். கண்ணாடியை மாட்டினால் ஒரு தீவு தெரியும். அங்கே அவளுக்கு ஒரு உடம்பு உண்டு. நிறம், முடி, உயரம் எல்லாம் அவளே பார்த்து எடுத்தது. ஷாஜன் நெட்டையான தாடிக்காரன் உருவத்தை எடுத்திருந்தான். இருவரும் மரம் வெட்டிக் குடிசை போட்டார்கள், மீன் பிடித்தார்கள். முதலில் சிரிப்பாக இருந்தது. ஒரு மாதம் போனபின், தாடிக்காரன் கை வைத்தால் அஜிதாவின் நிஜத் தோள் சிலிர்த்தது. தீவில் நெருப்புக்குப் பக்கத்தில் போனாலே கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

மஸ்கட்டில் ஷாஜனின் அறையில் நாலு பேர். யாராவது தூங்கினால் அவன் பேசமாட்டான்; வாயில் விரல் வைத்துக் காட்டுவான். செப்டம்பரிலிருந்து செவ்வாய்க்கிழமை சாயங்காலங்களில் அப்படி வர ஆரம்பித்தான். பக்கத்தில் உட்கார்ந்து அவள் சொல்வதையெல்லாம் கேட்பான். அவளைப் பெற்ற அம்மைக்கு வயிற்றில் கட்டி என்று ஸ்கேனில் தெரிந்த வாரம் அவள் அழுதபோது, வெகுநேரம் அவள் முடியைத் தடவிக்கொண்டிருந்தான். பேசுகிற நாட்களைவிட அந்த நாட்களில்தான் அவன் நெருக்கமாக இருப்பதாக அவளுக்குத் தோன்றியது.

அக்டோபரில் ஒரு செவ்வாய். தாடிக்காரன் அவள் முகத்தை இரண்டு கைகளிலும் ஏந்தியிருந்தான். கட்டிலில் கிடந்த போன் அடித்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தாள். ஷாஜன்.

"எங்க நிக்கிய?"

"சைட்லதான். கிரேன் கேடாயிப் போச்சு, சும்மா நிக்கேன். அதான் கூப்பிட்டேன்." பின்னால் இரும்பு மோதும் சத்தம் கேட்டது.

அவள் மெல்லக் கண்ணாடியைக் கீழே இறக்கினாள். தாடிக்காரன் அங்கேயே நின்றான். கைகள் அவள் முகத்தில்தான் இருந்தன. தலையைச் சற்றுச் சாய்த்து, அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

கண்ணாடியைக் கழற்றி எறிந்துவிட்டு, முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

போனில் விஷயத்தைச் சொன்னதும் ஷாஜன் சிரித்தான். "ரூம்ல உள்ள ஜெஃப்ரினா இருக்கும். அவனுக்குச் செவ்வாதான் ஆஃப். என் கண்ணாடி கட்டில்லதானே கிடக்கும்."

"என்னைத் தொட்டிருக்கான்."

"உன்னையா தொட்டான்? ஏட்டி, அது வெறும் பொம்மை."

"அம்மைக்குக் கட்டிண்ணு நான் கரஞ்சேனே, அண்ணைக்கு வந்தது நீங்கதானே?"

"கரஞ்சியா? அம்மைக்கு என்ன?"

அஜிதா போனை வைத்துவிட்டாள்.

ஷாஜன் பாஸ்வேர்டை மாற்றினான். வெள்ளிக்கிழமை அவனே குரல் கொடுத்துக்கொண்டு தீவுக்கு வந்தான். தாடிக்காரன் கை நீட்டியதும் அஜிதா பின்வாங்கி, பீரோவில் மோதி முழங்கையைக் கிழித்துக்கொண்டாள். அன்றைக்கே தன் உருவத்தை அழித்தாள். நிச்சயமாக அழிக்கவா என்று அந்த ஆப் இரண்டு முறை கேட்டது. இதையெல்லாம் இவ்வளவு பெரிதாக்குவதா என்று ஷாஜன் நாலு நாள் பேசவில்லை.

ஐந்தாம் நாள் கூப்பிட்டான்.

"ஜெஃப்ரின் லீவுல ஊருக்கு வந்திருக்கான். உனக்கு ஒரு பார்சல் குடுத்து விட்டேன். மன்னிப்பும் கேக்கணும்ணான். இண்ணைக்கு வருவான்."

"இஞ்ச வரவேண்டாம்ணு சொல்லுங்க."

"இனி எங்க சொல்ல? அவன் கிளம்பியாச்சு. வழி சொல்லட்டாண்ணு கேட்டேன். வேண்டாம், சானல்கரையில மஞ்ச கேட்டுதானேண்ணான். ஏட்டி, நம்ம கேட்டுக்கு எப்ப மஞ்ச அடிச்ச?"

வாசல் கேட்டுக்குப் பெயிண்ட் அடித்தது போன மாதம். அதை அவள் சொன்னது அந்த வாய் பேசாத உருவத்திடம்தான்.

வாசல் கதவைத் தாழிட்டாள். மாற்றுத்துணியை ஒரு பையில் திணித்துக்கொண்டு பின்வாசல் வழியாக இறங்கி, மயிலாடியில் இருக்கும் அம்மை வீட்டுக்குப் புறப்பட்டாள். நாகர்கோவில் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், அந்த வீட்டைப் பற்றியும் அவனிடம் என்னென்ன சொல்லியிருக்கிறோம் என்று யோசிக்கத் தொடங்கினாள்.