இரண்டு பேட்டரி

அப்பாவின் அடக்கம் முடிந்து திரும்பிய மகன் வீட்டுக்குள் நுழையாமல் நேராகப் படகில் இறங்கி, பிரிட்ஜைத் தரைப்பலகையோடு பிடித்திருந்த நட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தான். கூப்பிட்டும் சாப்பிட வரவில்லை, நீங்கள் சொன்னால்தான் கேட்பார் என்று மருமகள் அவன் அம்மாவை அனுப்பியிருந்தாள். அவள் வந்தது சாப்பாட்டைப் பற்றிப் பேச அல்ல.

படகு என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நாலு பேர் காலை நீட்டினால் ஐந்தாவது ஆள் தண்ணீரில்தான் நிற்க வேண்டும். அதில் ஒரு பலகையைப் போட்டுக் கடை என்று பெயர் வைத்து, புருஷனும் பெண்டாட்டியுமாக இருபது வருடம் முகத்துவாரத்தில் தூர்வாரும் ஆட்களுக்குச் சோடாவும் பிஸ்கட்டும் விற்றார்கள். அந்த ஆட்கள் அவரைக் கேப்டன் என்று கூப்பிடுவார்கள். கிண்டல்தான். அவரோ அதை மனதார ஏற்றுக்கொண்டு ஒரு தொப்பிகூட வாங்கிவிட்டார்.

மகன் பிரிட்ஜ் மெக்கானிக். போன வருடம் படகில் இந்தச் சின்ன பிரிட்ஜைப் பொருத்தியது அவன்தான். பிரிட்ஜுக்கு ஒரு பேட்டரி. அது கூரைமேல் இருக்கும் சோலார் தகட்டில் சார்ஜ் ஆகும். என்ஜினைக் கிளப்ப இன்னொரு பேட்டரி. நடுவே ஒரு சிவப்பு சுவிட்ச். இடப்பக்கம் இருந்தால் அதது அதன் வேலையைப் பார்க்கும். வலப்பக்கம் திருப்பினால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். பிரிட்ஜ் என்ஜின் பேட்டரியையும் உறிஞ்சித் தீர்த்துவிடும். அதை மட்டும் தொடாதீர்கள், நடுத்தண்ணீரில் நிற்க வேண்டிவரும் என்று இருவரிடமும் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்.

மூன்று நாள் சேர்ந்தாற்போல் வெயிலே இல்லை. மூன்றாம் நாள் காலை பிரிட்ஜ் நின்றுவிட்டது. தூர்வாருகிறவன் ஒருவன் சோடாவை ஒரு வாய் குடித்துவிட்டு, சோப்பு இருந்தால் இதிலேயே குளித்துவிடலாம் கேப்டன் என்றான். எல்லாரும் சிரித்தார்கள். கேப்டனும் சேர்ந்துகொண்டார். அவளுக்குத்தான் சுருக்கென்று தைத்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பி யாருக்கோ பிஸ்கட் நீட்டிக்கொண்டிருந்தபோது குனிந்து சுவிட்சை வலப்பக்கம் திருப்பினாள். பிரிட்ஜ் முனக ஆரம்பித்தது. மத்தியானம் சோடா சில்லென்று இருந்தது. அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஆட்கள் வேலை முடித்துக் கிளம்பிய பிறகு, நாலரை மணிக்கு, அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். என்ஜின் டக்கென்று ஒரு சத்தம் போட்டதோடு சரி. சுவிட்சை இடமும் வலமுமாக எத்தனை தடவை திருப்பினாள் என்று தெரியாது. கடைசியில் அது இடப்பக்கம் நின்றது. மகனுக்குப் போன் செய்தாள். கடைக் கூரைக்கு முட்டுக்கொடுத்திருந்த ஒற்றைத் துடுப்பை உருவி வலித்தாள். படகு இருந்த இடத்திலேயே சுற்றியது. துடுப்பைப் போட்டுவிட்டு அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். பதறாதே, ஒன்றுமில்லை என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு சொல்லவில்லை. மகன் சொல்லி அனுப்பிய மணல் படகு வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாம் என்றார் டாக்டர்.

நேற்று நாத்தனார் கூட்டத்துக்கு நடுவில் வைத்தே, பெற்ற பிள்ளை பொருத்தின பிரிட்ஜே என் தம்பியைத் தின்றுவிட்டது என்று அழுதாள். மகன் தலையைக் குனிந்துகொண்டு, ஆமாம் அத்தை என்றான். இனி வயரைத் தொடுவதில்லை என்று தன் ரிப்பேர் கடைச் சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டான். அம்மா அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். துக்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள். துக்கமில்லை, பயம். அடுத்த நிமிஷம் மகன் தன்னை எப்படிப் பார்ப்பான் என்ற பயம்.

இப்போது படகின் விளிம்பைப் பிடித்து இறங்கி, அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அந்த சுவிட்ச நான்தாண்டா திருப்பினேன்.”

அவன் ஸ்பேனரை நிறுத்தவில்லை. “சுவிட்ச் இருக்க வேண்டிய எடத்துலதாம்மா இருக்கு. வந்ததும் அதத்தான் பார்த்தேன். ஆனா என்ஜின் பேட்டரியில சொட்டு சார்ஜ் இல்ல. நான்தான் எங்கயோ தப்பா கோத்துட்டேன்.”

“அது அப்புறம் பதட்டத்துல திருப்பினது. காலையில வலப்பக்கம் வச்சேன். சோடா சூடா இருக்குன்னு சிரிச்சாங்க, எனக்குப் பொறுக்கல.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் பயந்திருந்த பார்வை அது இல்லை. “பியூஸ் போனா அடுத்த தெருவுலேர்ந்து என்னைக் கூப்பிடுவ. நீ போய் இதத் தொட்டியா?”

எத்தனை மணிக்கு, யார் சிரித்தான், எந்தக் கையால் திருப்பினாள் என்று எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் காதுக்கே அது ஜோடித்த கதை போல இருந்தது. போனவர்மேல் ஆணையிட்டாள். அவன் ஸ்பேனரை வைத்துவிட்டு அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். மூன்று நாளில் முதல்முறையாக அழுதான்.

“எனக்காகப் பொய் சொல்லாதம்மா. நீ இவ்வளவு நல்லவளா இருந்தா என்னால தாங்க முடியல.”

தெரிந்தால் இனி அவள் முகத்தில் முழிக்க மாட்டான் என்பதற்குத் தயாராகத்தான் அவள் வந்தாள். சொன்னால் நம்பவே மாட்டான் என்பது அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை. அவளுக்குச் செத்துவிடலாம் போல் இருந்தது.

கடைசி நட்டும் கழன்றது. மாடிவீடுகளுக்கு ஏற்றுகிற மாதிரி பிரிட்ஜுக்குக் கயிற்றைக் கட்டி முதுகில் வாங்கினான். அவள் பின்னால் ஒரு கை கொடுத்தாள்.

“விடும்மா, எனக்குப் பழக்கந்தான்.”

அவன் கரையேறினான். வீட்டு முன்னால் நாற்காலிகளில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். நாத்தனார் காலை மடக்கி வழிவிட்டாள். யாரும் எழுந்திருக்கவில்லை. எல்லார் நடுவிலும் அவன் குனிந்து போய்க்கொண்டிருந்தான். பிரிட்ஜுக்குள் எடுக்காமல் விட்ட சோடா பாட்டில்கள் அடிக்கு அடி ஒன்றோடொன்று இடித்துக்கொள்வது படகு வரைக்கும் கேட்டது.