நாலு வாய் ஹப்

என் மனைவி பள்ளிப் புத்தகங்களுக்குப் படம் வரைபவள். நூற்று நாற்பது படங்கள், ஆறு மாத உழைப்பு, அன்று மாலை ஐந்து மணிக்குள் பதிப்பகத்துக்குப் போயாக வேண்டும். தாளில் வரைந்து, ஸ்கேன் செய்து, கணினியில் வண்ணம் தீட்டி, எல்லாவற்றையும் வெளியே மாட்டும் ஒரே டிஸ்கில் வைத்திருந்தாள். அவளுடைய லேப்டாப்பில் இருப்பதே ஒரு யுஎஸ்பி ஓட்டைதான். அதனால் நான் வாங்கித் தந்த ஹப்பைச் செருகி, அதில் டிஸ்க், ஸ்கேனர், மவுஸ், வரைபலகை நான்கையும் மாட்டியிருந்தாள்.

கடைசிப் படம். ஸ்கேனர் உறுமியது. டிஸ்க் ‘டக்’கென்றது, விளக்கு அணைந்தது.

“ஏங்க, இங்க வாங்களேன்!”

திரையில் டிஸ்கையே காணோம். கழற்றி மாட்டினால் ‘டக், டக்’.

“உன் கை பட்டா எதுதான் உருப்பட்டிருக்கு?” என்றேன்.

புதிதாகச் சொன்னதில்லை. டிஸ்க் தானாகவே விட்டு விட்டுப் போகிறது என்று அவள் புலம்பும்போதெல்லாம் இதைச் சொல்லித்தான் சிரிப்பேன்.

கணினி பழுது பார்க்கும் அவள் தம்பி அரைமணியில் வந்தான். தன் கணினியிலும் டிஸ்கை மாட்டிப் பார்த்தான். அதே ‘டக்’. பிறகு ஹப்பைத் திருப்பினான். பக்கவாட்டில் ஒரு வட்டத் துளை, காலியாக.

“மாமா, இதோட அடாப்டர் எங்க?”

“அது இல்லாமலே ஓடுதேடா.”

“மவுஸுக்கு ஓடும். ஸ்கேனரும் டிஸ்கும் சேர்ந்து இழுத்தா லேப்டாப் கரன்ட் எப்படிப் பத்தும்? எழுதிட்டிருக்கும்போதே டிஸ்க் நின்னு நின்னு கெட்டிருக்கு. இனி என்னால ஒண்ணும் பண்ண முடியாதுக்கா.”

நான் திரும்பிப் பார்த்தேன். கூடத்தில் என் மீன்தொட்டி ஜம்மென்று குமிழி விட்டுக்கொண்டிருந்தது. அதன் அடாப்டர் புகைந்துபோன அன்று, ஹப்புடையதைப் பிடுங்கி அங்கே மாட்டிய மகா மேதாவி நான்தான். யாரிடமும் சொல்லவும் இல்லை.

நான் பார்த்த திசையில் அவளும் பார்த்தாள்.

“எப்ப மாத்துனீங்க?”

“ரெண்டு மாசம் இருக்கும்.”

அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். அவளோ மடியில் கிடந்த தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள்.

“நான் நெசமாவே என் கைதான்னு நம்பிட்டேங்க” என்றாள்.