விழுந்த கல், விழப்போகும் கல்

1979இல் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த நாலாம் நம்பர் லயத்துக்குப் பின்னாலிருந்த பாறையைச் சோதிக்க, லூக் என்ற பிரெஞ்சு நிலவியலாளரை எஸ்டேட் மானேஜர் துரை வரவழைத்தார். லூக் மலையேறுபவரும்கூட. இரண்டு நாள் கயிற்றில் தொங்கிப் பார்த்துவிட்டு, அறிக்கையைப் பிரெஞ்சிலேயே எழுதிக் கொடுத்தார்.

அதை ஆங்கிலமாக்கும் வேலை டைப்பிஸ்ட் திலகத்துக்கு வந்தது. ஆபீசில் பிரெஞ்சு தெரிந்தவள் அவள் ஒருத்திதான். பள்ளியில் கன்னியாஸ்திரீகளிடம் படித்தது. அவர்கள் கற்பித்ததோ ஜெபத்துக்கும் தையலுக்குமான சொற்கள். விரிசலுக்கும் வெடிப்புக்கும் அகராதியைப் புரட்டினாள். 'எபூல்மான்' என்று வந்த இடத்தில் 'விழுந்த கற்கள்' என்று தட்டி முடித்தாள்.

"கல்லு ஏற்கெனவே விழுந்துருச்சாம். துரை ஃபைல மூடிட்டாரு" என்றார் ஆபீசின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி சாம்பசிவம்.

மறுநாள் லூக் அவளிடம், "குடும்பங்கள் எப்போது வெளியேறுகின்றன?" என்று கேட்டார். அவளுக்கு விளங்கவில்லை. அவர் அவளைப் பாறையடிக்கு அழைத்துப்போய், கீழே கிடந்த கற்களைக் காட்டினார். "இது எபூலி. விழுந்தவை." பிறகு மேலே விரிந்திருந்த வெடிப்பைக் காட்டினார். "எபூல்மான் என்று நான் எழுதியது அதை. இனிமேல்தான் சரியும்."

திலகம் நேரே ஆபீசுக்கு ஓடி, தான் தட்டிய வரியைச் சாம்பசிவத்திடம் காட்டினாள்.

"சும்மா இரு லா" என்றார் சாம்பசிவம். "தப்புன்னு ஒத்துக்கிட்டா உன் வேலைக்கே ஆபத்து."

"வேலை போனா கீழே தாப்பா டவுனுல தேடிக்கிறேன். அங்க ஆறு வீட்டுல ஆளுங்க படுத்திருக்காங்க."

அவளே துரையின் அறைக்குள் போய், தவறு தன்னுடையது என்று சொன்னாள். அவர் கோபித்தார். ஆனாலும் அன்று மாலையே ஆறு குடும்பங்களும் பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு மாறின.

மூன்று வாரம் மழை பெய்தது. ஒரு கல்கூட உருளவில்லை. "நீ ஒரு வார்த்தைய மாத்தினதுக்கு, நாங்க குடும்பத்தோட தரையில கிடக்கணுமா?" என்று கொழுந்து பறிக்கும் இராசம்மா வழிமறித்துக் கேட்டாள். இந்த முறையும் தவறாகப் புரிந்துகொண்டோமோ என்று அன்றிரவு திலகம் மறுபடியும் அகராதியைப் புரட்டினாள்.

வெயில் வந்ததும் லூக் இரண்டு ஆட்களோடு கயிறு கட்டி ஏறினார், தளர்ந்த கற்களைத் தள்ளிவிட. கடப்பாரையை வெடிப்பில் ஊன்றி நெம்பியதும், அவர் எதிர்பார்த்ததைவிடப் பெரிய பாளமாகப் பாறை பெயர்ந்தது. தடுப்புக்கு அடுக்கியிருந்த மரங்களை முறித்துக்கொண்டு வந்து, இராசம்மா வீட்டு அடுப்படியை நசுக்கிவிட்டு நின்றது. யாருக்கும் அடியில்லை.

புழுதி அடங்கியபின் இராசம்மா வந்து, இடிந்த அடுப்படிக்குள் இறங்கினாள். ஓடுகளுக்கு அடியில் குனிந்து எதையோ இழுத்தவள், பின்னால் நின்ற திலகத்திடம் திரும்பிப் பார்க்காமலே, "இந்தப் பக்கம் கொஞ்சம் பிடி, சட்டி மாட்டிக்கிச்சு" என்றாள்.

திலகம் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கிப் பிடித்தாள்.